சமையலறையில் மூன்று மணிக்கு

முப்பத்தோரு வருடம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விஜிலென்ஸ் பிரிவில் இருந்தேன். யார் மேல் புகார் வந்தாலும் அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசிப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு விசாரிக்க வீட்டில் என் மனைவியைத் தவிர யாரும் இல்லை. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். அப்போதுதான் வைஃபை வந்து சேர்ந்தது.

நாங்கள் இருப்பது கல்கத்தாவில், பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளம். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். ஹாலில் இருந்த ரூட்டரின் சிக்னல் பெட்ரூம் வாசலோடு நின்றுவிடும். சமையலறைப் பக்கம் மொபைல் சிக்னலே தள்ளாடித்தான் வரும். வந்து பார்த்த கேபிள்காரர் சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, பெரிய ரூட்டர் வாங்கிப் பயனில்லை என்றார். இந்த ஊரில் அண்ணனுக்குத் தாதா என்று பேர். "அறைக்கு ஒரு ஆக்ஸஸ் பாயின்ட் பெட்டி போடுங்க தாதா, ஒயர் இழுத்துத் தர்றேன். மூணுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்ட். நீங்க நடக்க நடக்க போன் தானா மாறிக்கும்."

ஒரே பாஸ்வேர்டை அவரும் தெரிந்துகொள்வாரே என்பது எனக்கு முதலில் தோன்றியது. வேலை முடிந்ததும் அவரைத் தெருமுனை வரை வழியனுப்பிவிட்டு நானே அதை மாற்றினேன். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் போதும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். "சமையலறைக்கும் ஒண்ணு போடுங்க, பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை பார்ப்பேன்" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று வாய் திறந்து எதுவும் கேட்டவள் இல்லை. அதை நான் சந்தேகிக்காமல் விட்டது எனக்கே இன்றும் விளங்கவில்லை.

ரூட்டருக்கு ஒரு ஆப் உண்டு. எந்தப் பெட்டியில் எந்தப் போன் சேர்ந்திருக்கிறது என்று அது காட்டும். எனக்குப் பழைய நாற்காலி திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. என் போன் ஹாலில். அவள் போன் பெட்ரூமில், சார்ஜில். டிவி ஹாலில். நான்காவதாக ஒன்று, பெயரில்லாமல், தினமும் மத்தியானம் மூன்று மணிக்குச் சமையலறைப் பெட்டியில் வந்து சேர்ந்தது. இருபது நிமிடத்தில் போய்விட்டது. அது பாடா, அதாவது எங்கள் பேட்டை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். காக்காய்கூடக் கத்தாது. திருட வேண்டுமென்றால் நானும் அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சமையலறைக்கு நேர் மேலே மாடிவீட்டுக்காரரின் படுக்கையறை. அவரும் ஓய்வு பெற்றவர்தான். மறுநாள் மாலை வேண்டுமென்றே டீ குடிக்கப் போனேன். அவர் சந்தேஷ் இனிப்புத் தட்டை நீட்டினார். என் கண் அவருடைய போன் மேல் இருந்தது. அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதும் எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேச்சோடு பேச்சாக வைஃபையைப் பற்றிக் கேட்டேன். "எங்க வீட்டுல இருக்கே தாதா, உங்களுக்கு வேணுமா?" என்றார். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெயரில்லாத போனை ஆப்பில் தடுத்தேன். மூன்று மணி ஆயிற்று. சமையலறைப் பெட்டியில் யாரும் இல்லை. எனக்கு அத்தனை சந்தோஷம்.

மனைவி ஹாலுக்கு வந்தாள். "ஏங்க, நெட் இல்லையா?"

"எல்லாம் சரியா இருக்கே."

திரும்பிப் போனாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தாள். "ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடறீங்களா?" என்றாள். நன்றாக ஓடுவதை எதற்கு அணைக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் மறுபடி சமையலறைக்குப் போனாள். மூன்றரைக்கு மேல் பெட்ரூமுக்குள் அவள் தன் போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

மாலையில் டீ வரவில்லை. போய்ப் பார்த்தேன். சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் விட்டுப்போன பழைய போன், சிம் இல்லாதது.

"இன்னைக்கு அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன்," என்றாள். "இனிமே குரல் வராதாம். அதுக்கு முன்னாடி மூணு மணிக்குப் பேசறேன்னு சொல்லியிருந்தார். நெட் இப்ப வரும், இப்ப வரும்னு உக்காந்துட்டேன். அப்புறம் பயத்தை விட்டு என் போன்ல கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தாங்க. ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

அவளுடைய அண்ணனோடு இந்த வீட்டுக்குப் பேச்சு நின்று எட்டு வருடம். திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்தவர் என் பீரோவைத் திறந்தார். என்ன தேடுகிறார் என்று விசாரணை வைத்தேன். அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் தேடியது தலைவலி மாத்திரை, எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவளே என்று ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் போன் செய்யவில்லை. அவள் போனிலிருந்து அவர் எண்ணை அழித்தவனும் நான்தான். அவள் போனை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். அதனால்தான் அந்தப் பழைய போன். தேள் கொட்டிய திருடன் கத்த முடியாது என்பார்கள். இங்கே கத்த முடியாமல் போனது ஒரு குற்றமும் செய்யாதவள்.

நான்தான் தடுத்தேன் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "சந்தேகம் வந்தா என்னைக் கேட்டிருக்கலாமே," என்றாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அங்கேயே நின்று தடையை எடுத்தேன்.

பத்து நாள் கழித்து மூன்று மணிக்கு ஆப்பில் அந்தப் போன் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனேன். அவள் தயங்கினாள். பிறகு போனை என் பக்கம் திருப்பினாள்.

கழுத்தில் கட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். "மச்சான், பீரோ விஷயத்துல தப்பு என்னோடது. எட்டு வருஷமா தெரியும்," என்றேன். அவர் என்னையே பார்த்தார். அப்புறம் அவர் உதடு அசைந்தது. நீளமாக என்னவோ சொன்னார். மன்னித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் புரியவில்லை.

சிக்னல் முழுதாக இருந்தது. படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.