பூவரச மரத்தடி வீட்டு அக்கா

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நான் செய்கிற வேலை இது. வெளிநாட்டுப் பயண இணையத்தளம் ஒன்று, ‘உங்கள் ஊருக்கு வருகிறவர் எங்கே போகலாம், என்ன செய்யலாம்’ என்று ஊர்ச்சனத்திடமே கேட்டு எழுதுவிக்கும். நிலாவெளிக் கடற்கரை, கோட்டையடி மான்கள் என்று நானும் எழுதினனான். பிறகு, மற்றவர்கள் எழுதி வெளிவந்தவற்றைச் சரிபார்க்கவும் தந்தார்கள். எழுதினவருக்குப் பெயர் கிடையாது, ஒரு இலக்கம் மட்டுந்தான்.

ஒருநாள் ஆங்கிலத்தில் இப்படியொரு குறிப்பு வந்தது. இலங்கைத்துறையில் காலையில் கரைவலை இழுப்பார்கள், நீங்களும் கயிறு பிடிக்கலாம். களைத்தால் பூவரச மரத்தடி வீட்டில் தண்ணீர் கேளுங்கள். அங்கேயிருக்கிற அக்கா தேசிக்காய் பிழிந்து, சீனி கூடப்போட்டுத் தருவா. வேண்டாமென்றால் கோபிப்பா.

அது என்னோடு படித்தவளின் வீடு. சீனி கூடப்போடுகிறவளும் கோபிக்கிறவளும் அவள்தான். கடல் பொங்கி வந்த அன்று வீட்டோடு அள்ளுப்பட்டுப் போனவள்.

குறிப்பின் கீழே கேள்வி: ‘இந்த இடம் இப்போதும் இருக்கிறதா?’

வீட்டிலிருந்தே ‘இல்லை’ என்று அழுத்தியிருக்கலாம். ஏலாமல் போனது. அடுத்தநாள் மூதூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஓட்டோ பிடித்துப் போனேன்.

பூவரசு நின்றது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும். மரநிழலில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“ஆரைத் தேடுறீங்கள், தங்கச்சி?”

“இந்த வீட்டு அக்காவை.”

அவர் கை நின்றது. “போன மாசமும் ரெண்டு வெள்ளைக்காரர் வந்து, போனைக் காட்டி, அவவைத்தான் கேட்டவை.”

“என்ன சொன்னனீங்கள், அண்ணை?”

“என்னத்தைச் சொல்ல? தண்ணி அள்ளிக் குடுத்தனான். குடிச்சுப்போட்டும் போகேல்ல. அவ வருவா எண்டு அத்திவாரத்தில கனநேரம் இருந்தவை.”

திரும்பி வருகிற வழி முழுக்க அந்த இரண்டுபேரும் என் கண்ணுக்குள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ‘இல்லை’ என்று அழுத்தினேன். ‘வீடு கிடையாது, கிணறு மட்டும் உண்டு’ என்று காரணம் எழுதினேன். குறிப்பு அழிந்தது.

மூன்றாம் நாள், அந்தக் குறிப்பை எழுதினவரின் இலக்கத்திலிருந்து தமிழில் ஒரு செய்தி வந்தது: ‘நேரில போனனீங்களா?’

‘ஓம்’ என்றேன்.

‘அவ என்ர சொந்த அக்கா. நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிடேக்க வாசல்ல நிண்டவ. அவ இப்ப இல்லையெண்டு எனக்குத் தெரியும். அங்க போற ஆராவது அவவைக் கேக்கட்டும் எண்டுதான் எழுதினனான்.’

அழித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. எழுதினேன்: ‘நான் கேட்டனான்.’

பிறகு அந்த இலக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. வேலையை விடவில்லை. ஆனால், ‘அங்கே ஒருவர் இருப்பார்’ என்று எந்தக் குறிப்பில் கண்டாலும், ‘இல்லை’ பொத்தானை அழுத்த எனக்குக் கை வருவதில்லை.