நசீர் பாய் வீட்டு மெஷின்

குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. இந்தத் தொழிலில் தாலி கட்டும் நேரத்தில் எவனும் போனை எடுக்க மாட்டான். பந்தி வரைக்கும் எடுத்து முடித்துவிட்டுப் பார்த்தால், எங்கள் கடைத்தெரு மெடிக்கல்காரர் அத்தனை முறை கூப்பிட்டிருக்கிறார். "நசீர் பாய் போயிட்டாருங்க. விடியக்காலையில நெஞ்சு வலின்னாராம்" என்றார். திருவாரூருக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். அடக்கம் முடிந்திருந்தது. மையவாடியில் ஈர மண்ணைத்தான் பார்த்தேன்.

முகம் பார்க்காததாலோ என்னவோ, அவர் இல்லை என்பது இன்னும் மனதில் ஏறவில்லை. அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கும் என் ஸ்டுடியோவுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். சாத்தியிருக்கிற கடைக்குள் ஸ்டூல் இழுபடுகிற மாதிரி சத்தம் கேட்கும். "பாய், டீ சொல்லவா?" என்று கேட்க வாயெடுப்பேன். எலியாகத்தான் இருக்கும். அது எலி என்று தெரிந்த பிறகும் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இதைப் படிக்கிற நம் போட்டோ, வீடியோ தொழில்காரர்களில் பாதிப் பேருடைய கம்ப்யூட்டர் அவர் கைபட்டதுதான். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்களாக இருப்பீர்கள். டிஸ்க்கை மொத்தமாக அழிக்கிற 'பார்மட்' என்ற சொல்லைக் கேட்டாலே மனிதருக்கு ஆகாது. பூம்புகாரிலிருந்து ஒரு போட்டோக்காரர் மூட்டை கட்டின மாதிரி மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே மூன்று ஹார்டு டிஸ்க். புதிதாக ஒன்றைப் போட்டதிலிருந்து திரை கறுப்பாகவே நிற்கிறது. ஒரு மீனவர் வீட்டுக் கல்யாணப் படம் முழுக்க அதற்குள் மாட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் அழித்துப் போட்டால்தான் ஓடும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். பாய் அவருக்கு முதலில் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "சரக்கு எங்கயும் போகலைங்க. ஆத்துல தண்ணி கெடக்கு. மடை திறக்குற ஆளத்தான் காணும்."

அந்த மடை திறக்கிற ஆளுக்குத்தான் பூட் லோடர் என்று பெயர். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து, சிஸ்டம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று மெஷினுக்குக் காட்டிக் கொடுக்கிற சின்ன நிரல். ஒரே ஒரு டிஸ்க் என்றால் தொந்தரவில்லை. இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் அது எதில் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். பாய் எல்லா டிஸ்க்கின் ஒயரையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார். "எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சுக் கேட்டா எவன் பொய் சொல்றான்னு தெரியாது சேகர்" என்று என்னிடம் சொல்வார். பூம்புகார்க்காரர் அன்று சாயங்காலம் படங்களைப் பார்த்து அழுதுவிட்டார். பாய் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

யாராவது அழுதால் அவர் அப்படித்தான் போய்விடுவார். அவருடைய ஒரே மகள் ஷாஹினா ஏழு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அவள் சாவதற்கு முந்தைய ரம்ஜானில் அவள் குரலைப் பதிவு செய்து, வீட்டு மெஷின் எழும்போது கேட்கும்படி வைத்திருந்தார். "அத்தா, கடை தொறக்கணும், எந்திரிங்க." தினமும் காலையில் அந்த வீடு அந்தக் குரலோடுதான் விடிந்தது. ஊருக்கெல்லாம் எந்தப் பதிவையும் நகலாக இரண்டு காபி எடுத்து வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவர், அதற்கு மட்டும் காபி எடுக்கவில்லை. கேட்டதற்கு, "ரெண்டு இருந்தா ஒண்ணு போனா பரவால்லன்னு மனசு சொல்லிடும்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

அவர் போன மறுவாரம் அவருடைய மனைவி ரஹீமா போன் செய்தார். மெஷின் எழவில்லை. "அவ சத்தம் கேக்கலண்ணே. அவங்களும் இல்ல, அவளும் இல்லன்னா நான் இந்த வீட்டுல எப்படி இருக்குறது?" என்றார்.

ரஹீமா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர்கள் அந்த மாதங்களில் அன்னிய ஆண்கள் முன் வருவதில்லை. அவர் துணித் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இந்தப் பக்கம் நானும் ரஹீமாவின் தம்பியும். மெஷினைத் திறந்தேன். ஒரே அளவில், ஒரே கம்பெனியில் இரண்டு டிஸ்க். சிஸ்டம் எதில், குரல் எதில் என்று வெளியிலிருந்து தெரியாது. ஒன்றில் செய்ய வேண்டியதை மற்றதில் செய்துவிட்டால் பிள்ளையின் குரல் போனது போனதுதான். சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை.

துணித் திரைக்குப் பின்னாலிருந்து ரஹீமாவின் குரல் வந்தது. "அண்ணே, மொதல்ல ஒண்ணு முனகும். அப்புறந்தான் மத்தது சுத்தும். இன்னைக்கு முனகலையே."

தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போனது. துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று மெஷினை நகர்த்தியபோது, பழைய சின்ன டிஸ்க் ஒன்று லொடலொடத்தது, திறந்து கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன் என்றான். பாயின் முதல் கம்ப்யூட்டரிலிருந்த டிஸ்க் அது. முனகினாலும் ஓடுகிற வரை ஓடட்டும் என்று பூட் லோடரை அதிலேயே விட்டு வைத்திருந்திருக்கிறார். வழி காட்டுகிறவனை எடைக்குப் போட்டுவிட்டோம். ஆனால் சரக்கு இருக்கிறது. இரண்டு ஒயரையும் பிடுங்கினேன். பென் டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை எழுப்பி, ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டிப் பார்த்தேன். சிஸ்டம் இருந்த டிஸ்க்கை மட்டும் உள்ளே வைத்து, அதிலேயே புதிதாக பூட் லோடரை எழுதினேன். முதுகுக்குப் பின்னால் பாய் நின்று பார்க்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, ஆமாம், பயந்தான். பிறகு மற்ற டிஸ்க்கையும் மாட்டி, பென் டிரைவை உருவிவிட்டு, சுவிட்சைப் போட்டேன்.

மெஷின் திரை வெளுத்தது. ஸ்பீக்கரில் ஒரு கனைப்பு. அப்புறம், "ம்... சொல்லும்மா." நசீர் பாயின் குரல். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து அந்தப் பிள்ளை பேசியது.

தம்பி எழுந்து நின்றுவிட்டான். துணித் திரைக்குப் பின்னாலிருந்து ரஹீமா பேசினார். "அடுப்படியிலேர்ந்து தினமும் கேப்பேண்ணே. அந்த 'சொல்லும்மா' அவங்க மெஷினுக்கு முன்னாடி உக்காந்து சொல்றதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்." பிறகு, "அணைச்சிட்டு இன்னொரு தடவ போடுங்க" என்றார். போட்டேன். கேட்கக் கேட்கப் போட்டேன்.

காபி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார், இரண்டு. எடுத்துக் கொடுத்தேன். எனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. பாயுடையதாக என்னிடம் இருப்பது, "சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு மகள் வாய் திறப்பதற்காக அவர் காத்திருக்கிற அந்த ஒரு மூச்சு நேரம்தான்.