மாளிகைத் தோட்டத்தில் எங்கள் முதல் வசந்தம்

உள்ளிப்பூண்டு மணம்... அந்த வசந்தத்தை நினைத்தால் முதலில் வருவது அதுதான்.

மாளிகைத் தோட்டத்தை ஒட்டிய காட்டுக்குள் யார் ரசம் வைக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மரங்களுக்கு அடியில் பச்சைப்பசேலென்று இலைகள் மட்டும். என் கணவர் வரதன் குனிந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் கையில் வைத்தார். அது காட்டு உள்ளியாம், குளிர் விட்டதும் முளைக்குமாம்.

கலியாணம் முடிந்து நான் ஜேர்மனிக்கு வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. அதுவரை அவர் என்னோடு பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

அப்போது ஹனோவரில் அவருடைய அண்ணை வீட்டில் இருந்தோம். நல்ல மனிதர்கள். ஆனால் சின்ன வீடு. அண்ணை, அண்ணி, பிள்ளைகள், நாங்கள்... தனியாக ஒரு வார்த்தை பேசலாம் என்று குசினிக்குப் போனால் அங்கே யாராவது வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு ரீச்சர். நான் வகுப்புக்குள் நுழைந்தால் சத்தம் தானாக அடங்கும். இங்கே பஸ்ஸில் ஒரு ரிக்கெற் கேட்டு வாங்கத் தெரியவில்லை. கடையில், தெருவில், எங்கும் வாயில்லாத ஆளாக நின்றேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இஞ்ச இருக்க ஏலாது. நான் திரும்பிப் போகப்போறன்."

அவர் கோபிக்கவில்லை. வந்த இரண்டு பஸ்ஸையும் போகவிட்டார். பிறகு சொன்னார்:

"வசந்தம் இப்பத்தான் தொடங்குது. மே மாதம் முடியுமட்டும் பொறும். பிறகும் போகவேணும் எண்டு நினைச்சீர் எண்டால், நானே எயார்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த மாளிகைக்குப் போனோம். நகரத்துக்கு வெளியே, சுற்றிவர அகழி. ஏதோ ஒரு பிரபு குடும்பம் எப்போதோ கட்டியது. உள்ளே போகச் சப்பாத்துக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்பு மாட்டவேண்டும், பழைய பலகைத் தரை கீறல் படாமலிருக்க. சுவரில் மீசைக்காரப் பிரபுக்கள் எல்லோரும் முறைத்துக்கொண்டிருக்க, இவர் அந்தச் செருப்போடு சறுக்கிக்கொண்டே போவார். ஆள் இவ்வளவு விளையாட்டுக்காரன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

புகைக்கூண்டின் மேல் நாரைக்கூடு. முதலில் ஒன்றுதான் வந்தது. மற்றது வருமா வராதா என்று கிழமை முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். ஏப்ரலில் வந்து சேர்ந்தது. புல்வெளியில் முயல்கள். இலையே இல்லாத மரத்தில் கோப்பை கோப்பையாக ரோசா நிறப் பூக்கள்...

ஜேர்மனிக்கு வந்த புதிதில், அகதி முகாமில் இருந்த நாட்களில், தனியாக நடந்து நடந்து இந்த இடத்தைக் கண்டுபிடித்ததாக அவர் சொன்னார். இங்கே ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லையாம். நானும் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் அங்கேதான் கொட்டினோம்.

ஆனாலும் ஊருக்குத் திரும்பும் எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, நீரூற்றுத் தொட்டியைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்தால் தாய் வாத்து கல் விளிம்பில் நின்று கத்துகிறது. குஞ்சுகள் தண்ணீருக்குள். தண்ணீர் கீழே, சுவர் செங்குத்து, ஏற வழியில்லை. சனம் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு குஞ்சு களைத்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

தோட்டக் கொட்டிலோடு ஒரு பலகை சாத்தியிருந்ததை முன்பே கண்டிருந்தேன். மிதிக்கக்கூடாத புல்லின் குறுக்கே நேராக நடந்தேன். காவலாளி பின்னால் ஓடிவந்து ஏதேதோ சொன்னார். "ஃபெர்போட்டன்", தடை, என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. நான் தொட்டியைக் காட்டி, டொய்ச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், தெரிந்த இரண்டு சொல்லைச் சொன்னேன்.

"கிண்டர் மூடே."

பிள்ளைகள் களைத்துவிட்டன என்று அர்த்தம். காவலாளி பேச்சை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். நான் பலகையைத் தூக்கினேன். மறுமுனையை வரதன் ஒன்றும் கேட்காமல் பிடித்தார்.

பலகையைச் சரித்து வைத்தும் குஞ்சுகள் கிட்ட வரவில்லை. கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் என் வகுப்பறைக் குரல் வெளியே வந்தது, சுத்தத் தமிழில்:

"எல்லாரும் பின்னுக்குப் போங்கோ."

அத்தனை ஜேர்மன்காரரும் பின்னுக்குப் போனார்கள்.

ஒன்று ஏறியது. வழுக்கி விழுந்து மறுபடி ஏறியது. பிறகு மற்றவை. களைத்துப்போனது கடைசியாக வந்து தாயின் காலடியில் விழுந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றி எனக்குத் தலை குனிந்தார். வரதன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அன்று அங்கிருந்த மர வாங்கில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்:

"நான் நிக்கிறன். ஆனால் உடனே டொய்ச் வகுப்புக்குப் போகவேணும். தனி வீடும் பாக்கவேணும். உங்களுக்காக மட்டும் நிக்கேல்லை, விளங்குதோ?"

"விளங்குது. ரெண்டும் செய்வம்."

இரண்டையும் செய்தோம். இன்று இங்கே ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மூத்தவள் லைப்சிக்கில் படிக்கிறாள், இளையவன் வுப்பர்டாலில் வேலை.

இப்போது வீடு முழுக்க எங்களுக்குத்தான். எந்த அறையிலும் எவ்வளவு நேரமும் பேசலாம். ஆனால் அவர் ஒரு அறையில் ஃபோனோடு, நான் மற்ற அறையில் திருத்தவேண்டிய கொப்பிகளோடு...

போன ஞாயிறு நான்தான் போய் அவருடைய ஃபோனை வாங்கி வைத்துவிட்டு, வெளிக்கிடுங்கோ, மாளிகைக்குப் போவம் என்றேன்.

மாளிகையில் இப்போது கஃபே இருக்கிறது, பெரிய கார் தரிப்பிடம் இருக்கிறது. முழங்கால் வலியோடு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினோம். மகளைப் பற்றி, வேலையை விட்டபின் என்ன செய்வது என்பது பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றியெல்லாம் கதைத்தோம்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் எஞ்சினை நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை.