ஸ்டெல்லா அன்ரியின் சறுக்குப் பலகை

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைக்கிற ஆள் நான். ஊரில் யுத்தத்துக்குள் இருந்து வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பயமா என்று நினைப்பேன். நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் பாதியில் எழுந்து போகலாம், கோபிக்க மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இந்த வெள்ளைக்கார நாட்டில் எனக்கு வேலை டண்டினொங்கில், சறுக்குப் பலகை செய்கிற ஒரு சின்னப் பட்டறையில். கடலில் அலையின் மேல் நின்றுகொண்டு வழுக்கி வருவார்களே, அந்தப் பலகை. யாழ்ப்பாணம் குருநகரில் ஃபைபர் வள்ளம் செய்தவன் என்பதால் முதலாளி டேவ் என்னை எடுத்தார். பலகைக்கு உள்ளீடான வெள்ளை ஃபோமைச் சீவி வடிவம் எடுப்பதை அவர்தான் பழக்கினார். வேலை முடிந்தால் நோபல் பார்க்கில் ஒரு வீட்டின் பின்னறை. மனைவி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிடப் போட்ட விசா அலுவல் வருடக்கணக்காக இழுபடுகிறது. தினமும் ஃபோனில் கதைப்போம். சாப்பிட்டாச்சா என்பாள், ஓம் என்பேன், விசாக் கடிதம் வந்ததா என்பாள், இல்லை என்பேன். அறையில் தனியே இருந்து என்ன செய்வது என்று சனிக்கிழமைகளிலும் பட்டறைக்குப் போய்விடுவேன்.

குளிர் முடிகிற நேரத்தில் ஸ்டெல்லா அன்ரி வந்தார். மலேசியத் தமிழ் ஆள், அங்கிருந்து படிக்க வந்து இங்கேயே கல்யாணம் செய்தவர். எழுபதைத் தாண்டிய, மெலிந்த மனிஷி. வீடு மல்கிரேவில். கணவர் கீத் இங்கத்தைய வெள்ளைக்காரர், முந்தைய வருடம் காலமாகிவிட்டார். அவருடைய வாலிபக் காலத்துப் பலகையைக் காரின் மேல் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒன்பது அடிக்கு மேல் நீளம், உள்ளே தண்ணீர் ஊறி, மேல் பூச்சு வெடித்து, கதவு மாதிரிப் பாரம்.

"இதே மாதிரி புதுசா ஒண்ணு செய்யணும் தம்பி. ஆனா நான் தூக்குற அளவுக்கு லேசா இருக்கணும்."

"ஆருக்கு அன்ரி?"

"எனக்குத்தான்."

நான் சிரிக்கவில்லை. டேவ் வடிவத்தைப் பார்த்துவிட்டு, வெளிக்கோடு பழையபடி இருக்கட்டும், வால் பக்கத்தை மட்டும் இந்தக் காலத்துப் பலகை மாதிரி மெல்லிதாக்கு, பாரம் குறையும் என்றார். வேலையை என்னிடம் விட்டார்.

சீவுகிற அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். யன்னல் இல்லை. சுவர் முழுக்கக் கடும் நீலம். இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் ட்யூப் லைட். வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் வெள்ளை ஃபோமில் ஒரு மயிரளவு பள்ளம் இருந்தாலும் நிழலாகத் தெரியும், அங்கே தேய்த்துச் சரிப்படுத்துவோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், பட்டறையில் நான் மட்டும். மேல்பக்கத்தைச் சீவி முடித்து நிமிர்ந்தால், நடுவில் இருந்து வால் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இரண்டு நிழல். உள்ளங்கை அளவு, பக்கத்தில் பக்கத்தில், ஒருவர் முழங்கால் ஊன்றிய தடம்போல.

பள்ளம் விழுந்துவிட்டதென்று கையால் தடவினேன். சமமாக இருந்தது. இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன், கீழே ஒரு கடதாசி போகவும் இடமில்லை. ஒரு பக்க லைட்டை நிறுத்தினேன், நிழல் அப்படியே. பலகையைத் தூக்கித் தலைமாடு கால்மாடாக மாற்றி வைத்தேன், நிழலும் அதோடு சேர்ந்து மாறியது. அதாவது குறை லைட்டில் இல்லை. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு, அந்த நேரம்தான் பலகை கிடந்த தாங்கியில் சுற்றியிருந்த ஸ்பொன்ச் வால் பக்கம் மட்டும் மெதுவாக அமுங்கியது. யாரோ ஏறிக் குந்தினால் எப்படி அமுங்குமோ அப்படி.

"ஆர்?" என்று கேட்டேன். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது. வெளியே ஓடியிருக்கவேண்டும், ஓடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அந்த அறையில் நான் எத்தனையோ சனிக்கிழமை தனியே நின்றிருக்கிறேன், அன்றைக்குத் தனியே நிற்கிற மாதிரி இருக்கவில்லை. அவ்வளவுதான் சொல்லலாம். "இருங்கோ, முடிச்சுத் தாறன்" என்று சொல்லிவிட்டு சாண்ட் பேப்பரை எடுத்தேன். வால் பக்கத்தை மெல்லிதாக்கவும் மனம் வரவில்லை. பாரம் தாங்கவேணும் என்று பட்டது, பழைய தடிப்பிலேயே விட்டேன். டேவ் பிறகு கேட்டபோது மறந்துபோச்சு என்றேன்.

அந்தப் பலகை அறையில் இருந்த நாளெல்லாம் நான் கதைத்தபடிதான் வேலை செய்தேன். மனைவியைப் பற்றி, விசாவைப் பற்றி, ஃபோனில் அவளிடம் சொல்லாததையெல்லாம். இந்தச் சங்கதியை அவளிடமும் சொன்னேன்.

"தனிய இருந்தா இப்பிடித்தான் கண்டதும் தோணும். ஆரோடையும் போய்க் கதையுங்கோவன்" என்றாள்.

ஃபோமின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, இறுகுகிற பசையான ரெசினை ஊற்றியதும் நிழல் போய்விட்டது. அன்றைக்கு அறை வெறிச்சோடிப்போனது.

அன்ரி பலகையை எடுக்க வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"அங்கிள் பலகையில முழங்காலிலயோ இருக்கிறவர்?"

"உங்களுக்கு யார் சொன்னது?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"சும்மா கேட்டனான்."

பலகையைத் தடவியபடி சொன்னார். "அந்தக் காலத்துல அப்படித்தான், முழங்கால் போட்டு கையால துழாவிட்டுப் போவாங்க. அவர் எப்பவும் பின்னாலதான் முழங்கால் போடுவார். முன்னால எடம் விட்டிருக்கேன் ஸ்டெல்லா, நீ வந்து உக்காரு, நான் பாத்துக்கறேன்னு கூப்பிடுவார். எனக்குத் தண்ணின்னா பயம். அடுத்த சம்மர், அடுத்த சம்மர்னே சொல்லிட்டு இருந்தேன்."

நான் பலகையின் வால் பக்கத்தைத் துணியால் துடைத்தேன்.

"தூக்கிவிட ஒரு ஆள் வேணும். வர்றீங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை பிலிப் தீவுப் பக்கம் போனோம். அலையில்லாத ஒரு சின்னக் குடா, மனித நடமாட்டம் இல்லை. தண்ணீர் ஐஸ். எனக்கு நீச்சல் தெரியாது, இடுப்புக்கு மேல் வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ரப்பர் உடுப்போடு அன்ரி முன்பக்கம் ஏறி, இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு, கரைக்கு முதுகைக் காட்டி இருந்தார். பின்னால் நின்று நான் பிடித்திருந்தேன்.

"திரும்பிப் பாக்கச் சொல்லாதீங்க. திரும்பினா விழுந்துடுவேன்" என்றார்.

பலகை செய்கிறவன் என்பதால் இது தெரியும். முன்னால் மட்டும் பாரம் ஏறினால் மூக்கு தண்ணீருக்குள் குத்தும், வால் மேலே கிளம்பும். அந்தப் பலகை சமமாக நின்றது. கையை எடு என்று ஏதோ ஒன்று சொன்ன மாதிரி இருக்க, கையை எடுத்தேன். பலகை போகத் தொடங்கியது.

காற்று கடலில் இருந்து கரைக்கு அடித்தது. அன்ரியின் இரண்டு கையும் பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தன. காலும் அசையவில்லை. நான் இரண்டு எட்டு வைத்தேன், தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, நின்றுவிட்டேன். கத்தினால் திரும்புவார், திரும்பினால் விழுவார். பலகை ஆறுதலாக, அவசரமில்லாமல், நேராக, குடாவின் நடுவுக்குப் போய் நின்றது. அங்கே அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. இடையிடையே ஏதோ பேசினார். பிறகு பலகை திரும்பாமல், வால் முன்னுக்கு வர, ஒருவர் வள்ளத்தைக் கரைக்கு இழுப்பதுபோல என்னிடம் வந்து சேர்ந்தது.

எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வந்தது பொறாமை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இறக்கிவிட்டதும் அன்ரியின் முகம் மலர்ந்திருந்தது. "நீச்சல் தெரியாதுன்னு பொய்தானே சொன்னீங்க? அவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டு வந்தீங்களே."

"ஓம் அன்ரி" என்றேன். வேறு என்ன சொல்ல.

அவர் துவாயைப் போர்த்திக்கொண்டு காருக்கு நடந்தார். நான் பலகையை மேலே ஏற்றி, கட்டுகிற பட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் விறைத்து நீலம் பாரித்து, மடக்க முடியாமல் இருந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. சீட்டில் ஏறி இருந்துகொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வழி முழுக்க என் முதுகுல கை வச்சிட்டே வந்தீங்களே தம்பி, இந்தத் தண்ணியில உங்க கை மட்டும் எப்படி அவ்வளவு சூடா இருந்துச்சு?"