சொல் இழந்தவர்களின் பக்கம் நின்றவர்

டாக்டர் எஸ்தர் செல்வமணி மறைந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, வார்டில் ஒரு மீனவருக்குத் 'தண்ணீர்' என்ற சொல்லைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. மேடம் அதைத்தான் விரும்பியிருப்பார்.

நாசரேத்தில் பிறந்து, தூத்துக்குடியில் மூளை நரம்பியல் மருத்துவராக வாழ்ந்தவர் அவர். நான் அவரிடம் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்த்தேன். அவரை அறியாதவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும்.

கீழவைப்பாரிலிருந்து அந்தோணி என்ற சங்கு குளிப்பவரைக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். வலக்கை விழுந்துவிட்டது; பேச்சு அடியோடு இல்லை. சில நாளில் உயிர் தப்பியது உறுதியானதும், தம்பி சூசை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அண்ணனுக்குப் புத்தி போயிட்டு. இனி படகை நாந்தான் பாக்கணும்."

கட்டிலில் கிடந்தவரின் கண் கலங்கியது. அதை மேடம் பார்த்துவிட்டார்.

"அந்தோணி அண்ணாச்சி, கச்சான் காத்து எங்கன இருந்து வரும்?"

அவர் இடக்கையைத் தூக்கி, கடல் தெரியும் ஜன்னலுக்கு நேர் எதிரே, மேற்குச் சுவரைக் காட்டினார். கச்சான் மேல்காற்றுதான்.

"சங்கு மரத்துல காய்க்குமா?"

அந்தோணி சிரித்தார். தலையை இரு பக்கமும் ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"எம்மா, எங்க வீட்டுக்காரவுக உள்ளதான் இருக்காவ!" என்று அவர் மனைவி உடைந்து அழுதார்.

மேடம் தம் இடப்பக்க நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "புத்தி இருந்த எடத்துலேயே இருக்கு. நெனைக்கிறதச் சொல்லாக் கோத்து வாய்க்கு அனுப்புற எடம் இங்கன இருக்கு. அங்க போற ரத்தக்குழாய் அடைச்சிட்டு."

"திரும்ப வருமா டாக்டரம்மா?" சூசையின் குரல் இறங்கியிருந்தது.

"செத்த நியூரான் செத்ததுதான். ஆனா பக்கத்துல உயிரோட இருக்கிறது அதோட வேலையக் கத்துக்கும். ஒரு நியூரானுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல துளி இடைவெளி உண்டு. அதைத் தாண்டித்தான் சேதி போவணும். போகப் போகத்தான் பாதை பலப்படும். நீங்கதான் அவருகிட்ட பேசிக்கிட்டே இருக்கணும்."

அதன்பின் அண்ணனைப் பயிற்சிக்குப் பைக்கில் வைத்துக் கூட்டிவந்தவர் சூசைதான். வாரங்கள் போயின, ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு நாள் சூசை தவறுதலாக அண்ணன் காலை மிதித்துவிட, "ஏலே!" என்று ஒரு அதட்டல். வார்டே திரும்பியது. சூசை அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். ஓடிவந்த மேடம், "போதும், இதுல இருந்து தொடங்குவோம்" என்றார். அந்தோணி மறுபடி சங்கெடுக்க முங்கவில்லை. ஆனால் படகில் ஏறினார். சங்கு கிடைக்க எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரே சொன்னார்.

சென்ற ஆண்டு மேடத்துக்கே சொற்கள் நழுவத் தொடங்கின. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயரைத் தேடினார். மூளை ஸ்கேனைத் தாமே பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏளா மலர், கட்டி. எடது பக்கந்தான்." பிறகு, நோயாளிகள் அமரும் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆரம்பி."

நான்தான் அழுதேன். அவர் அழவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பயிற்சிக்கு வந்தார். வாய்க்கு வராத சொல்லைக் கையால் காட்டுவார். வந்துவிட்டால் பக்கத்து நோயாளியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். தலையில் தையலோடு தங்கள் டாக்டரே வரிசையில் காத்திருப்பதைக் கண்டபின், பயிற்சிக்கு வரமாட்டேன் என்று எவரும் அடம்பிடித்ததில்லை.

உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர அவர் முன்பே முடிவெடுத்திருந்தார். "கல்லறை வேண்டாமா அக்கா?" என்று தங்கை கேட்டபோது, அவரிடம் மிஞ்சியிருந்த சொற்கள் கொஞ்சம்தான். அவற்றிலிருந்து இரண்டை எடுத்துச் சொன்னார்: "படிக்கட்டும். பிள்ளைகள்."

நேற்று உடற்கூறியல் கூடத்தின் வாசலில் முதலாண்டு மாணவர்கள் இரு பக்கமும் நின்றார்கள். தங்கை அக்காவின் சேலை முந்தானையைச் சரிசெய்துவிட்டு விலகினார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

விடைகொடுக்கிறோம், மேடம். உள்ளே உங்களிடம் படிக்கப்போகிறவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாமல் போகலாம். இந்தக் கரையில் பேச்சு திரும்பிய வீடுகளுக்குத் தெரியும்.