இருக்கட்டும் மேடத்தின் காலி இடம்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'இருக்கட்டும் மேடம்'. எந்தக் கோப்பை அழிக்கச் சொன்னாலும், "இருக்கட்டுமே, என்னைக்காவது தேவைப்படும்" என்பாள். வீட்டிலும் அதே கதைதான், ஆனால் அங்கே போட்டிக்கு மாமியார் இருந்தார். தீர்ந்துபோன பிஸ்கட் டப்பாவைக்கூட அவர் கையிலிருந்து பிடுங்க முடியாது. இருவருக்கும் நடுவில் கணவன் தலையில் அடித்துக்கொள்வான்.

அவள் வேலை வெர்ச்சுவல் மெஷின்களைக் கட்டி மேய்ப்பது. ஒரே பெரிய கணினிக்குள் பல கணினிகள் வெறும் கோப்புகளாகக் குடியிருக்கும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக்காட்டு ராஜாவாக நினைத்துக்கொள்ளும்.

அன்று குடும்பத்தோடு கடற்கரைக்குப் புறப்படும் நாள். அவள் வேலையால் ஏற்கெனவே இரண்டு முறை கெட்டுப்போன பயணம். பையைக் கையில் எடுக்கும்போது மேலாளர் வந்து ஒரு ஹார்ட் டிஸ்கை நீட்டினார்.

"கஸ்டமருக்குப் போற மெஷின் இதுல அடங்கணும். அடங்கிட்டா நீங்க தாராளமா கிளம்பலாம்."

மெஷினோ டிஸ்கைவிடப் பெருத்துக் கிடந்தது. முனகிக்கொண்டே அதற்குள் இருந்த குப்பையை அழித்தாள். எடை இம்மியும் குறையவில்லை. உள்ளே அழித்தாலும் பழைய தடம் அப்படியே கிடக்கும், அது காலி இடம் என்று வெளியே இருக்கும் கணினிக்குத் தெரியாது. காலி இடம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பிக் காட்டினால்தான், சுருக்கும் நிரல் அவற்றை அடையாளம் கண்டு தூக்கி எறியும். காலி என்று நிரூபிக்கக் காலியை நிரப்ப வேண்டும்! இது யார் மூளையில் உதித்ததோ என்று சிரித்தபடி வேலையை முடுக்கிவிட்டு, காபி குடிக்கப் போனாள்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். பூஜ்யமும் இடம் பிடிக்கும். இளைக்கும் முன்பு மெஷின் ஒரு முறை முழு அளவுக்கு ஊதும்.

ஊதியது. பெரிய கணினியில் மூச்சுவிட இடமில்லாமல் மற்ற மெஷின்கள் எல்லாம் அப்படியே உறைந்தன. "ஐயோ, என் ஸ்க்ரீன் செத்துப்போச்சு!" என்று கணக்காளர் அலறினார். மேலாளர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"எதையாவது அழிங்க மேடம், சீக்கிரம்!"

காபியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, எதை அழிப்பது என்று பார்த்தால், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மிகப் பெரிய ஃபோல்டர் அவளுடையதுதான். எல்லாம் ஒரே மெஷினின் பழைய நகல்கள். கணக்காளர் எட்டிப் பார்த்து அவற்றின் பெயர்களை உரக்கப் படித்தார்: "கடைசி... கடைசிக்கும் கடைசி... சத்தியமா கடைசி!" அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கும் வெட்கத்தை மீறிச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது போன் அடித்தது. கீழே காரில் காத்திருக்கும் கணவன்.

"வரியா, இல்ல நாங்க மட்டும் போயிட்டு வரட்டுமா?"

குரலில் கோபம் இல்லை, பழகிப்போன அலுப்புதான் இருந்தது. அது அவளைச் சுருக்கென்று தைத்தது.

"வரேன். இந்தத் தடவை வரேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, 'சத்தியமா கடைசி' உட்பட எல்லா நகல்களையும் அழித்தாள்.

உறைந்த மெஷின்கள் கொட்டாவி விட்டு எழுந்தன. பூஜ்யங்கள் நிரம்பி முடிந்ததும் சுருக்கும் நிரலை ஓடவிட்டாள். மெஷின் பாதியாய் இளைத்து, டிஸ்கில் ஜம்மென்று உட்கார்ந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அவள் படிகளில் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள்.

கார்க் கதவைத் திறந்தால், பின்சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் டப்பாக்கள். சீட்டிலிருந்து கூரைவரை டப்பாக்கள்.

"எல்லாம் காலிதாம்மா. வரும்போது ஏதாவது வாங்கினா போட்டுக்கலாமேன்னு..." என்றார் மாமியார்.

"என் இடத்துலயா அத்தை?"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ எங்க வரப்போறேன்னு நினைச்சுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. திறந்த கதவைப் பிடித்தபடி நின்றாள்.

மாமியார் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு மடமடவென்று டப்பாக்களை எடுத்து வாட்ச்மேன் கையில் திணிக்க ஆரம்பித்தார். எதையும் எறிந்தறியாத அந்த மனுஷி, ஒன்றையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கணவன் வாயைப் பிளந்தான். கடைசி டப்பாவை எடுத்தபோது மட்டும் கை லேசாகத் தயங்கியது.

"இருக்கட்டும் அத்தை, அதை நான் மடியில வெச்சுக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள் அவள்.