பேக்கரியின் 'புல்லி'

என் வீட்டுக்காரருக்குப் பேக்கரியில் 'புல்லி' என்று பெயர். இளைத்தவனை மிரட்டி மேய்க்கிற ஆளை இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்கள். இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை அன்று தன் காதாலேயே கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பிறவியிலேயே இப்படி இல்லை, சத்தியமாக. மாவு பிசைகிற ஆளாக இருந்தபோது, அடுப்புக்காரருக்குக் கை சுட்டுவிட்டால் சூடான தட்டுகளை இவரே இழுப்பார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாடா போடா என்றுதான் பேச்சு. மேற்பார்வையாளர் ஆனார், தலையில் கொம்பு முளைத்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் வள்ளென்று விழுவார். அதற்கு முந்தின வாரம் ரொட்டி கொஞ்சம் கருகியதற்கு, எல்லோர் முன்னாலும் அடுப்புக்காரரை, "கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேட்டிருக்கிறார். அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் போய்க் கூப்பிட வறட்டுக் கௌரவம் விடவில்லை.

நான் இங்கிலீஷ் டீச்சர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"அந்த வார்த்தைக்கு முதல்ல என்ன அர்த்தம் தெரியுமா? கண்ணே, செல்லமேன்னு கொஞ்சுறது! நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி. காதலிக்கிறவங்களைச் சொல்ற ஒரு டச்சு வார்த்தையிலேர்ந்து வந்திருக்கலாம்ங்கிறாங்க. அப்புறம் நல்ல மனுஷன்னு ஆச்சு, அப்புறம் சவடால் பேர்வழி, கடைசில மிரட்டுறவன்."

மனுஷன் முகத்தில் பல்பு எரிந்தது. "அப்போ செல்லம்னுதானே கூப்பிடறாங்க!"

"ஆமா, நினைப்புதான்!" என்றேன். ஆனால் அவருக்கு அந்தச் சாக்கு போதும். என்னையும் இழுத்துக்கொண்டு அடுப்புக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுப்புக்காரர் வாசல் படியில் உட்கார்ந்து மகளின் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இவர் மன்னிப்புக் கேட்டாரா? ஊஹூம். நான் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டு, ஹி ஹி என்று சிரித்தார்.

"பாத்தியாடா, ஆரம்பத்துல எவ்வளவு நல்ல வார்த்தை! நாளைக்கு வந்துடு."

எனக்கு மானம் போயிற்று.

அடுப்புக்காரர் சிரிக்கவில்லை. விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நீயும் அப்படித்தானேடா இருந்தே. அந்தப் பழைய ஆளு என்னைக்காவது திரும்பி வருவான்னுதான் இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். வேற பேக்கரியில சேந்துட்டேன்டா."

பேக்கரியே அதிரக் கத்துகிறவர், "சரிடா" என்று முனகிவிட்டு, வீட்டுக்கு எதிர்த்திசையில் நடந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.